கோர்ட் நூடுல்ஸைத் தின்று பார்க்கவில்லை

2015 ஆகஸ்ட் 14. ஆடிக் கடைசி வெள்ளி. பாபநாசத்தில் சித்தப்பாவின் மளிகைக் கடையில் வெல்லமும் பச்சரிசியும் போய்க்கொண்டிருந்தன. கூட்டம் குறைந்ததும் பேப்பரை என் பக்கம் தள்ளினார். மேகி நூடுல்ஸ் மீதான தடையை மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது என்று செய்தி.

"பாத்தியாடா தம்பி, கோர்ட்டே நல்ல சரக்குன்னு சொல்லிருச்சு."

"கோர்ட் அப்படிச் சொல்லல சித்தப்பா."

"அப்ப எதுக்குத் தடையை எடுத்துச்சு?"

அவருடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஜூன் மாதம் தடை வந்ததும் கடையில் இருந்த பாக்கெட்டை எல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டு ஏஜென்சிக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார். அதற்கான பணம் இன்னும் கணக்கில் வரவில்லை. "நல்ல சரக்கா இருந்தா ஏன் திருப்பிக் கேட்டீங்க, கெட்ட சரக்கா இருந்தா ஏன் விக்கச் சொல்றீங்க" என்பதுதான் அவர் கேள்வி. நியாயமான கேள்வி. பதில் மட்டும் கொஞ்சம் நீளம்.

முதலில் நடந்ததைப் பார்த்துவிடலாம். உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி என்று ஒரு மாவட்டம். அங்கே 2014-ல் உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் கடையில் மேகி பாக்கெட்டை மாதிரியாக எடுத்தார். பாக்கெட்டின் மேல் எம்எஸ்ஜி, அதாவது அஜினோமோட்டோ என்று நாம் சொல்லும் சுவையூட்டும் உப்பு, சேர்க்கப்படவில்லை என்று போட்டிருந்தது. பரிசோதனையில் எம்எஸ்ஜி இருப்பதாக வந்தது. பிறகு எடுத்த அந்தச் சோதனை மாதிரி கொல்கத்தாவில் உள்ள மத்திய உணவு ஆய்வகத்துக்குப் போனது. அங்கே ஈயம் 17.2 பிபிஎம் இருப்பதாகச் சொன்னார்கள். பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு கிலோவில் இத்தனை மில்லிகிராம். அனுமதித்த அளவு 2.5. விஷயம் தீயாய்ப் பரவியது. 2015 ஜூன் 4 அன்று தமிழ்நாடு அரசு மேகியையும் இன்னும் மூன்று நூடுல்ஸ் வகைகளையும் மூன்று மாதத்துக்குத் தடை செய்தது. மறுநாள், ஜூன் 5 அன்று, எஃப்எஸ்எஸ்ஏஐ எனப்படும் இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் மேகியின் ஒன்பது வகைகளையும் நாடு முழுக்க நிறுத்தச் சொன்னது. மேகியைத் தயாரிக்கும் நெஸ்லே நிறுவனம் மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஆகஸ்ட் 13 அன்று நீதிபதிகள் வி.எம்.கனடே, பி.பி.கொலாபாவாலா அமர்வு தடையை ரத்து செய்தது.

இந்த 'ரத்து' என்ற சொல்லில்தான் சித்தப்பா வழுக்கி விழுந்தார். அவர் மட்டுமா, பாதி ஊர் விழுந்தது.

டெல்டாக்காரர்களுக்கு இதை நெல்லை வைத்துச் சொன்னால் உடனே விளங்கும். அறுத்த நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் கொட்டி வைத்திருக்கிறீர்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். தையில் மழை பெய்துவிட்டால் அந்த 17 என்ற எண் ஊரில் படுத்தும் பாடு நமக்குத் தெரியும். பட்டியல் எழுத்தர் மீட்டரை எடுத்து, குவியலின் ஓரத்தில், நேற்று இரவு தார்ப்பாய் விலகி நனைந்த இடத்தில் ஒரு பிடி அள்ளி வைத்துப் பார்க்கிறார். 21 காட்டுகிறது. "மொத்தக் குவியலையும் அள்ளிட்டுப் போங்க" என்கிறார். அந்த நேரம் நீங்கள் டீ குடிக்கப் போயிருக்கிறீர்கள். மீட்டரை எப்போது சரிபார்த்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

மேலதிகாரியிடம் முறையிடுகிறீர்கள். அவர் வந்து நெல்லைக் கடித்துப் பார்ப்பாரா? மாட்டார். எந்த மீட்டர், எந்த இடத்தில் அள்ளினாய், விவசாயியைக் கூப்பிட்டுக் காட்டினாயா, மற்ற பக்கம் பார்த்தாயா என்று எழுத்தரைத்தான் கேட்பார். பதில் சரியில்லை என்றால், "இந்த முடிவு செல்லாது, ஒழுங்காகத் திரும்ப அள" என்பார். உங்கள் நெல் காய்ந்த நெல் என்று அவர் சான்றிதழ் கொடுக்கவில்லை. திரும்ப அளக்கும்போது 21-ஏ வரலாம், 16-ம் வரலாம்.

உயர் நீதிமன்றம் செய்தது இதைத்தான். அரசமைப்புச் சட்டத்தின் 226-வது பிரிவின்படி அதிகாரியின் உத்தரவை எதிர்த்து ரிட் மனு போடும்போது நீதிபதிகள் பார்ப்பது அதிகாரி முடிவெடுத்த வழியை. வழி கோணலாக இருந்தால் முடிவு விழும். சரக்கைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கும்.

மேகி வழக்கில் வழி எங்கே கோணியது?

முதல் கோணல், கேட்காமல் தீர்ப்பெழுதியது. சட்டக்காரர்கள் இதை இயற்கை நீதி என்பார்கள். பேர்தான் பெரிசு, பொருள் எளிது: ஒருவன் பிழைப்பில் கை வைக்கும் முன் அவன் பக்கத்தையும் கேள். பூம்புகாரிலிருந்து சிலம்பு விற்கப் போனவனுக்கு மதுரையில் என்ன நடந்தது? கையில் இருந்த சிலம்பைப் பார்த்தார்கள், ஆளைக் கேட்கவில்லை. உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்த்தது தலை போன பிறகு. காவிரிக் கரைக்காரர்களுக்கு இயற்கை நீதியைச் சொல்லிக்கொடுக்க வேறு கதை வேண்டியதில்லை.

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. விஷம் பரவிக்கொண்டிருக்கிறது என்றால் நோட்டீஸ் கொடுத்து பதினைந்து நாள் காத்திருக்க முடியாது. முதலில் நிறுத்து, அப்புறம் கேள். அவசரத் தடைக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. மேகி விஷயத்திலும் ஆணையம் அவசரம் என்றுதான் சொன்னது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காரணம் சுவாரசியமானது. ஆணையத்தின் உத்தரவு வருவதற்கு முன்பே, முந்தைய நள்ளிரவிலேயே, நிறுவனம் தானாகச் சரக்கைத் திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டது. சரக்கு கடையை விட்டுப் போகத் தொடங்கிய பிறகு, கேட்காமல் உத்தரவு போடும் அளவுக்கு என்ன அவசரம் என்று கேட்டார்கள்.

இரண்டாவது கோணல், ஆய்வகம். எல்லா ஆய்வக அறிக்கையும் சட்டத்தின் முன் ஒன்றல்ல. 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டத்தின் 43-வது பிரிவு, ஆய்வகங்களின் தகுதியைச் சோதித்துச் சான்று தரும் என்ஏபிஎல் அமைப்பின் தரச்சான்று பெற்று ஆணையம் அங்கீகரித்த ஆய்வகத்தைத்தான் சொல்கிறது. மேகியைச் சோதித்த ஆய்வகங்களில் சிலவற்றுக்கு அந்தத் தகுதி இல்லை, சிலவற்றுக்குத் தகுதி இருந்தும் ஈயத்தைச் சோதிப்பதற்கான அங்கீகாரம் இல்லை என்று நீதிமன்றம் கண்டது. சரிபார்க்காத மீட்டர் கதைதான்.

மூன்றாவது, ஓரத்தில் அள்ளிய கதை. மூன்று வகைகளின் சோதனையை வைத்துக்கொண்டு ஒன்பது வகைகளையும் நிறுத்தினார்கள்.

இதோடு மாதிரி எடுத்த முறையும் கேள்விக்குள்ளானது. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். கடை வைத்திருப்பவர்கள், வாங்கித் தின்கிறவர்கள் எல்லாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலோருக்குத் தெரியாது.

சித்தப்பா கடையில் ஒரு தடவை துவரம்பருப்பு மாதிரி எடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அலுவலர் பருப்பைக் காசு கொடுத்துத்தான் வாங்கினார். சும்மா அள்ளிக்கொண்டு போக முடியாது, விற்பனை விலையைக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பருப்பை நான்கு சம பாகமாகப் பிரித்தார். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கட்டி, கெட்டிக் காகிதத்தில் சுற்றி, எண்ணும் கையெழுத்தும் போட்ட ஒரு சீட்டை மேலிருந்து கீழாக ஒட்டினார். குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டி, மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கி முத்திரை குத்தினார். கடை முழுக்க அரக்கு வாடை. பாதி சீட்டிலும் பாதி காகிதத்திலும் விழும்படி சித்தப்பாவைக் கையெழுத்துப் போடச் சொன்னார். யாராவது பிரித்தால் கையெழுத்து ஒட்டாது. எதிர்க்கடை டெய்லர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

நான்கு பாகம் எங்கே போகிறது? ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு. நம் பக்கத்துக்குத் தஞ்சாவூரிலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. அவர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். இரண்டு பாகம் மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பான நியமன அலுவலரிடம் பத்திரமாக இருக்கும். நான்காவது பாகம்தான் முக்கியம்: கடைக்காரர் கேட்டால் அது அங்கீகாரம் பெற்ற வேறொரு ஆய்வகத்துக்குப் போக வேண்டும். இரண்டு அறிக்கையும் முரண்பட்டால், நியமன அலுவலர் தன்னிடம் இருப்பதை மேல் ஆய்வகத்துக்கு அனுப்புவார், அது சொல்வதே முடிவு. பகுப்பாய்வாளரின் அறிக்கை தவறு என்று பட்டால் 30 நாளுக்குள் மேல்முறையீடும் செய்யலாம்.

சித்தப்பா அன்றைக்கு நான்காவது பாகத்தைக் கேட்கவில்லை. அப்படி ஒன்று கேட்கலாம் என்றே அவருக்குத் தெரியாது. அலுவலர் நீட்டிய படிவத்தில் அதற்கு இடம் இருந்தது. கண்ணாடி போடாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். பருப்பு தப்பித்தது, அதனால் அது பெரிய கதையாகவில்லை.

வாங்குகிறவருக்கும் வழி உண்டு. 40-வது பிரிவின்படி யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி, தான் வாங்கிய பொருளைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாம்.

மேகி வழக்கில் இன்னொரு குழப்பமும் இருந்தது. ஈயமும் எம்எஸ்ஜியும் ஒரே குற்றம் போல ஊரில் பேசினார்கள். சட்டத்தில் அவை வேறு வேறு அலமாரி. ஈயம் அளவு மீறினால் உணவு 'பாதுகாப்பற்றது'. எம்எஸ்ஜி தடை செய்த பொருள் அல்ல. இருக்கிற ஒன்றை இல்லை என்று அச்சடித்தால் அது 'தவறான லேபிள்'. கும்பகோணத்துக் காபித்தூளை எடுத்துக்கொள்ளுங்கள். சிக்கரி கலந்த தூள் விற்கலாம், ஆனால் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், எவ்வளவு சிக்கரி என்று மேலே எழுத வேண்டும். 40 சதவீதம் சிக்கரி கலந்துவிட்டு 'சுத்தமான காபி' என்று பை அடித்தால் குடித்தவருக்கு ஒன்றும் ஆகாது, ஆனாலும் அது லேபிள் குற்றம், 3 லட்சம் ரூபாய் வரை அபராதம். தரம் குறைந்தது என்றால் 5 லட்சம் வரை. இவற்றை மாவட்ட வருவாய் அலுவலரே விசாரித்து அபராதம் போடுவார். பாதுகாப்பற்றது என்றால்தான் கிரிமினல் வழக்கு, ஜெயில். சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை போகும்.

சரி, தடை ரத்தானதும் மறுநாள் காலை கடைக்கு நூடுல்ஸ் வந்துவிட்டதா? இல்லை. தீர்ப்பின் இரண்டாவது பாதியைச் செய்திகள் கடைசிப் பத்தியில் போட்டன. எனக்கு அதுதான் தீர்ப்பின் உயிர் என்று படுகிறது. நிறுவனம் உடனே விற்கத் தொடங்க நீதிமன்றம் விடவில்லை. ஒன்பது வகைகளிலும் வகைக்கு ஐந்து மாதிரி எடுத்து, மொஹாலி, ஹைதராபாத், ஜெய்ப்பூர் ஆகிய மூன்று ஊர்களில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகங்களுக்கு அனுப்பி, ஆறு வாரத்தில் சோதிக்கச் சொன்னது. ஈயம் அளவுக்குள் இருந்தால் தயாரிக்கலாம், தயாரித்த புதுச் சரக்கையும் சோதித்த பிறகே விற்கலாம். அக்டோபரில் முடிவுகள் சாதகமாக வந்தன. நவம்பர் 9 அன்று, தீபாவளிக்கு முதல் நாள், விற்பனை திரும்பத் தொடங்கியது. அதற்குள் 30,000 டன்னுக்கு மேல் நூடுல்ஸ் அழிக்கப்பட்டிருந்தது. சிமென்ட் ஆலைச் சூளைகளில் போட்டு எரித்தார்கள்.

ஆக, 'இந்தச் சரக்கு நல்லதா' என்ற கேள்விக்குப் பதில் சொன்னது மூன்று ஆய்வகங்கள். கோர்ட் சொன்னது, 'இந்த உத்தரவு நின்று பிடிக்காது, ஒழுங்காகச் சோதி' என்பது மட்டும். மத்திய அரசு 640 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு தேசிய நுகர்வோர் ஆணையத்தில் தனியாகப் போட்ட வழக்கு அதற்குப் பிறகும் பல வருஷம் ஓடி, 2024-ல்தான் தள்ளுபடியானது.

இப்போது நம் ஊர் உயர் நீதிமன்றத்துக்கு வருவோம். குட்கா, பான் மசாலா மீது தமிழ்நாட்டில் 2013 முதல் தடை. இதைப் போடுவது உணவுப் பாதுகாப்பு ஆணையர். அவருக்கு அதிகாரம் தருவது 30-வது பிரிவின் (2)(அ) உட்பிரிவு. பொது சுகாதாரத்தைக் கருதி எந்த உணவையும் தடை செய்யலாம், ஆனால் ஓராண்டுக்கு மிகாமல். அதனால் ஒவ்வொரு வருஷமும் புது அறிவிக்கை. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 2018-ம் ஆண்டு அறிவிக்கை ஒன்றை ரத்து செய்தது. ஓராண்டு என்று சட்டம் கொடுத்த தற்காலிக அதிகாரத்தை வருஷா வருஷம் புதுப்பித்து நிரந்தரத் தடையாக்க ஆணையருக்கு உரிமை இல்லை என்பது அதன் சாரம். குட்கா நல்லது என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. அரசு மேலே போனது, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது.

இந்த இடத்தில் தமிழ்ப் பத்திரிகைகள் நம்மைப் படுத்தும் பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். பொருளை விற்கக் கூடாது என்பதற்கும் 'தடை', கீழ்க்கோர்ட் தீர்ப்பை மேல்கோர்ட் நிறுத்தி வைப்பதற்கும் 'தடை'. 'குட்கா தடை ரத்துக்குத் தடை' என்று தலைப்பு வந்தால், இப்போது விற்கலாமா கூடாதா என்று மூன்று தடவை விரல் மடக்கி எண்ண வேண்டியிருக்கிறது. கூடாது என்பதே விடை. முதல் தடை சட்டத்தின் தடை, இரண்டாவது ரத்து, மூன்றாவது அந்த ரத்தை நிறுத்தி வைத்தது, ஆகவே முதலாவது மறுபடி உயிரோடு இருக்கிறது. 'நிறுத்திவைப்பு' என்று எழுதினால் பத்திரிகைக்கு என்ன குறைந்துவிடும்?

அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இன்னொரு உதாரணமும் மும்பையிலிருந்துதான். புது உணவுப் பொருளை விற்பதற்கு முன் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று ஆணையம் 'அறிவுரை' என்ற பெயரில் சுற்றறிக்கை விட்டு நடத்திக்கொண்டிருந்தது. சட்டத்தில் சொன்ன முறைப்படி விதியாகக் கொண்டுவராத அறிவுரைக்குச் சட்ட பலம் கிடையாது என்று 2014 ஜூனில் மும்பை உயர் நீதிமன்றம் சொன்னது. மேகி தீர்ப்பு வந்து ஆறு நாளில், 2015 ஆகஸ்ட் 19 அன்று, உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஒரு வாரத்தில் ஆணையம் அந்த நடைமுறையையே கைவிட்டது.

நம் பக்கத்தில் ஒருவருக்கு இப்படி உத்தரவு வந்து ரிட் போட வேண்டுமென்றால் எங்கே போவது என்பதில் டெல்டாவுக்கே உரிய ஒரு வேடிக்கை இருக்கிறது. 2004-ல் மதுரைக் கிளை வந்தபோது தஞ்சாவூர், திருச்சி மாவட்டங்கள் அதற்குப் போயின. திருவாரூரும் நாகையும் சென்னையிலேயே நின்றுவிட்டன, மயிலாடுதுறையும் அப்படியே. கும்பகோணத்துக் கடைக்காரர் மதுரைக்கு பஸ் ஏற வேண்டும், குடவாசல் கடைக்காரர் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். காரைக்கால் புதுச்சேரி அரசைச் சேர்ந்தது, ஆனாலும் அவர்களுக்கும் சென்னை உயர் நீதிமன்றம்தான். தடை மட்டும் ஊருக்கு ஊர் மாறும். 2024 பிப்ரவரியில் துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் கலந்த பஞ்சு மிட்டாய் பிடிபட்டபோது புதுச்சேரி முதலில் தடை போட்டது, தமிழ்நாடு அதன் பின்னால் போட்டது. நடுவில் இருந்த அந்தச் சில நாளில் காரைக்காலில் விற்கக் கூடாத மிட்டாயை நாகூரில் விற்றிருக்கலாம்.

இந்தப் பழைய கதைகளை எல்லாம் சித்தப்பா மறந்துவிட்டார் என்று நினைத்திருந்தேன். 2025 ஏப்ரலில், பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாட்டில் தடை என்று செய்தி வந்தபோது, பக்கத்தில் ஷவர்மா கடை போட்டிருக்கிற பையன் போனை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான்.

"மாமா, மயோனைஸ் மொத்தமா கூடாதாம்."

சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கினார். "மொத்தமான்னு எங்கடா போட்டிருக்கு? பச்ச முட்டைன்னு போட்டிருக்கு. முட்டையே இல்லாம பண்றது இருக்குல்ல." விரலால் கீழே தள்ளினார். "எட்டாந்தேதிலேருந்து ஒரு வருஷம். முப்பது, ரெண்டு, அ." என் பக்கம் திரும்பினார். "அதே பிரிவுதானே தம்பி?"

"அதேதான் சித்தப்பா."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கல்லாவுக்கு மேலே தொங்கிய நாள்காட்டியில் ஏப்ரல் 8-ஐப் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் 'மயோ, 1 வ' என்று எழுதினார். நூடுல்ஸ் பாக்கெட் பணம் வந்ததா என்று அப்போதுதான் நினைவு வந்து கேட்டேன்.

"அது எந்த ஆய்வகத்துக்குப் போயிருக்கோ" என்றார்.